உபகாரச் சம்பளக் கமிட்டி

தான் படித்த பள்ளிக்கூடத்தின்மீது மனிதனுக்குப் பக்தி உண்டாவதற்கென்று ஒரு வயது இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது அன்று. உத்தியோகத்திலிருந்து மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிள்ளைகளுக்கும் கல்யாணங்கள் முடிந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்காருகிற காலத்தில்தான், கணக்குப் போடாத குற்றத்துக்காக நம்மைப் பெஞ்சின்மீது ஏற்றி நிறுத்திய ஆசிரியர் ஒரு மகரிஷியாகவும், மழைக்கு ஒழுகி நமக்கு விடுமுறை அளித்துக்கொண்டிருந்த ஓட்டுக் கட்டடம் ஒரு குருகுலமாகவும் ஞாபகத்தில் காட்சி தரத் தொடங்குகின்றன. இந்தப் பக்தி முற்றிய நிலையில் பழைய மாணவர் சங்கம் உற்பத்தியாகிறது.

காவிரிப் பாசனத்துச் சிற்றூர் ஒன்றில், ஜில்லா போர்டார் நடத்திப் பின்னர் சர்க்கார் ஏற்றுக்கொண்ட உயர்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்பே எஸ்.எஸ்.எல்.சி. என்றிருந்த காலத்தில் படித்தவர்கள் நாங்கள். 1978-இல் பிளஸ் டூ வந்து அந்த ஏற்பாடு மறைந்துபோயிற்று. ஆகையால், அழிந்துபோன ஓர் இனத்தின் எஞ்சிய பிரதிநிதிகள் என்ற கர்வம் எங்களுக்கு உண்டு. அரிசி ஆலை முதலாளி ஒருவர் அக்கிராசனர், வக்கீல் ஒருவர் காரியதரிசி, ஓய்வுபெற்ற வங்கி மானேஜர் பொக்கிஷதார்; பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்ற அபவாதம் இருந்தபடியால் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பாரம் என் தலையில் விழுந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒருவரையொருவர் "டேய்" என்று அழைத்துக்கொண்டு, நடுவே வீட்டு மருமகள் காப்பி கொண்டுவரும்போது மட்டும் "சார்" என்று மாறிக்கொள்வதைப் பார்ப்பதற்கே அந்தக் கூட்டங்களுக்குப் போகலாம்.

ஏழை மாணாக்கர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

முதல் சங்கடம், கொடுக்க வந்தவர் ஒருவரிடமிருந்து வாங்கக் கூடாமற்போனது. எங்களில் மிகப் பெரிய தொகையைத் தருவதாக வாக்களித்தவர் அமெரிக்காவில் வசிக்கிறார். அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் என்று 2010-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறதென்றும், இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டவன் கொடுக்கும் பணம், அவன் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நம் இலந்தை வடையைத் தின்றவனேயானாலும், வெளிநாட்டுப் பணமே என்றும், மத்திய சர்க்காரின் அனுமதியின்றி அதைத் தொடுவது குற்றம் என்றும் வக்கீல் எடுத்துரைத்தார். ஆகவே அவருடைய பணம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. ஆலோசனைகளை மேற்படி சட்டம் கட்டுப்படுத்துவதில்லையாதலால், அவை மட்டும் இந்திய நேரப்படி விடியற்காலை தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

எஞ்சியவர்கள் கொடுத்ததே ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையவில்லை. அதைச் செலவிடுவதா, மூலதனமாக வைத்து வட்டியைச் செலவிடுவதா என்ற விசாரம் அப்போது எழுந்தது. வாழ்நாள் முழுவதும் பிறருடைய பணத்தைப் பத்திரப்படுத்தியே பழகிய பொக்கிஷதாருக்குச் செலவு என்ற சொல்லே காதில் நாராசம். "நூத்துக்கு ஏழு வட்டின்னு வைடா. வருஷத்துக்கு 35,000. ஏழு பசங்களுக்குத் தலைக்கு 5,000. முதல் அப்படியே இருக்கும், சூரிய சந்திராள் உள்ளவரைக்கும்" என்றார் அவர். அதற்கு வக்கீல், நம் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் அறக்கட்டளை ஒன்றை நினைவூட்டினார். தமிழில் முதல்வனாக வருபவனுக்கென்று அந்தக் காலத்து மிராசுதார் ஒருவர் நூறு ரூபாய் முதலீடு செய்துவைத்திருக்கிறார். அந்நாளில் அதன் வட்டிக்கு ஒரு பையன் நல்ல புஸ்தகம் ஒன்று வாங்கலாம். இப்போது கிடைக்கும் ஏழு ரூபாய்க்கு, அந்தப் புஸ்தகத்துக்கு அட்டை போடும் காகிதமும் கிடைக்குமா என்பது சந்தேகம். சூரிய சந்திரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ரூபாய்தான் இருந்த இடத்தில் இல்லை.

யாருக்குக் கொடுப்பது என்ற பிரஸ்தாபம் வந்தபோது கூட்டத்தின் சுருதி மாறியது. ஒவ்வொருவரும் தம்முடைய பால்யத்து வறுமையை வர்ணிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் நாலு மைல் நடந்துவந்து படித்ததாகச் சொன்னார். அடுத்தவர் ஐந்து மைல் என்றார். அக்கிராசனர், பதவிக்கு ஏற்றபடி, ஏழு மைல் என்று முடித்துவைத்தார். மூவருடைய வீடுகளும் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஒரே தெருவில் இருந்தன என்பது குறிப்புப் புஸ்தகத்தில் ஏறவில்லை. சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இந்த வர்ணனைகளின் பயனாக ஏற்பட்ட முடிவு என்னவென்றால், ஏழையாகவும் இருக்க வேண்டும், எல்லாப் பாடங்களிலும் எண்பதுக்குக் குறையாமலும் வாங்க வேண்டும், நல்லொழுக்கச் சான்றும் வைத்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட உத்தமப் பிள்ளைக்கே உபகாரம் என்பது. இந்த லட்சணங்கள் பொருந்திய பிள்ளை எங்கள் வகுப்பில் ஒருவன்கூட இருந்ததில்லை. நாற்பதைத் தொட்டால் மாரியம்மனுக்கு விளக்கு வைத்தவர்கள்தாம் எண்பதுக்கு வாக்களித்தார்கள். மனிதன் தான் எப்படி இருந்தானோ அந்தப் பிள்ளைக்கு உதவ விரும்புவதில்லை; தான் எப்படி இருந்ததாகப் பேரனிடம் சொல்லிவைத்திருக்கிறானோ அந்தப் பிள்ளைக்கே உதவ விரும்புகிறான் என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த எண்பது மார்க்கு விதியைக் கேட்டதும், எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய கும்பகோணத்தில் நடந்த விருத்தாந்தத்தை நான் சபையில் சொல்லும்படி ஆயிற்று. அவ்வூர் டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமாநுஜன் 1904-இல் கணிதத்துக்கான பரிசும் பெற்று, உபகாரச் சம்பளத்தோடு அங்குள்ள சர்க்கார் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. இங்கிலீஷ் வியாசத்தில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று. விதி விதிதானே! பின்னர் 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், அங்கும் எப்.ஏ. பரீட்சை அவரைத் தேற்றிவிட மறுத்துவிட்டது. 1912-இல் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா. அதற்கு மறு வருஷந்தான், பட்டம் ஒன்றுமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்கச் சென்னைச் சர்வகலாசாலை முன்வந்தது. 1918-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர். எங்கள் கமிட்டியின் முன்னால் அவருடைய விண்ணப்பம் வந்திருக்குமானால், மார்க்குப் பட்டியலைப் பார்த்து வக்கீல் அதை முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார். அவரே அதை ஒப்புக்கொண்டு, "அதுக்காக கணக்குல மட்டும் நூறு வாங்கினவனுக்கெல்லாம் கொடுத்துட முடியுமாடா?" என்று கேட்டார்.

ராமாநுஜன் போய்ச் சேர்ந்த அந்தப் பச்சையப்பன் கல்லூரியின் கதையும் எங்களுக்குப் பொருத்தமானதே. பச்சையப்ப முதலியார் உயில் எழுதிவைத்துவிட்டு 1794-இல் காலமானார். தர்மத்துக்கென்று விட்டுச்சென்ற சொத்து வழக்குகளிலும் வியாஜ்யங்களிலும் சிக்கிச் சுழன்று, அவர் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது 1842-இல். இடையே ஒரு தலைமுறை பிறந்து, படிக்காமலே முதுமையடைந்திருக்கும். கொடுப்பவன் கைக்கும் குழந்தையின் கைக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கடப்பதுதான் தர்மத்திலேயே கடினமான பகுதி. ஆனால் இதைச் சொன்னபோது பொக்கிஷதார் மாத்திரம் முகம் மலர்ந்து, அத்தனை வருஷம் வட்டி சேர்ந்திருக்குமே என்றார்.

அக்கிராசனருடைய கவலை வேறு: கொடுப்பது ஊரார் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்பது. 1958-இல், காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த நாளில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் பெஞ்சும் மேஜையும் கடிகாரமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் கல்விச் சீர் என்று பீரோவையும் நாற்காலியையும் மேளதாளத்தோடு ஊர்வலமாகத் தூக்கிவருகிறார்கள். அதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால், ஒரு பெண்ணுக்கு விடுதிக் கட்டணம் கட்டியதை எப்படித் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிவருவது? ஆகவே, மேடை போட்டு, ஆள் உயரத்துக்குத் தெர்மோகோலில் ஒரு காசோலை செய்து, அதைப் பிள்ளைகள் ஒரு பக்கமும் நாங்கள் மறு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்வதென்று அவர் திட்டம் வகுத்தார். விண்ணப்பப் படிவத்தை வக்கீல் தயாரித்தார். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று படிகளில் அது ஏறி இறங்க வேண்டும். அதற்காகத் தகப்பனார் கூலி வேலையை விட்டு அலைய வேண்டும். ஏழை என்று நிரூபிக்கப் புறப்பட்டவன் அது முடிவதற்குள் இன்னும் சிறிது ஏழையாகிவிடுவானாதலால், சான்றிதழில் பொய் கலக்க வழியில்லை என்பது இந்த முறையிலுள்ள ஒரு சௌகரியம்.

இந்தப் படிவத்தோடு தலைமையாசிரியையிடம் போனோம். எங்கள் பள்ளியிலேயே எங்களுக்கு வெகு காலம் பின்னால் படித்தவர் அந்த அம்மாள். பொறுமையாக முழுவதையும் வாசித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"ஐயா, புஸ்தகம் கவர்மெண்டு கொடுக்குது, சைக்கிள் கொடுக்குது, பஸ் பாஸ் கொடுக்குது. காலேஜ்ல சேர்ந்துட்டா மாசம் ஆயிரம் ரூபாயும் கொடுக்குது. சேர்ற வரைக்கும்தான் யாரும் கொடுக்கிறதில்லை."

பெண்களுக்கு 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தையும், பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் அவர் குறிப்பிட்டார். இரண்டும் கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு உரியவை. மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வருகிறது. அதற்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவே விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குப் போகப் பஸ் செலவு, சேருகிற நாளில் கட்டவேண்டிய முதல் தொகை, விடுதி முன்பணம், ஒரு பெட்டி, இரண்டு நல்ல உடுப்பு என்று வரிசையாக வந்து நிற்கின்றன. சென்ற வருஷம் ஒரு பெண், சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தும், இவற்றுக்கு வழியில்லாமல் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாளாம். மார்க்கு எவ்வளவு என்று வக்கீல் கேட்டார். அறுபத்திரண்டு சதவீதம். எங்கள் படிவத்தின்படி அவளுக்கு யோக்கியதை கிடையாது.

"ரசீது?" என்றார் பொக்கிஷதார், பழக்க தோஷத்தால்.

"காலேஜுல கொடுக்கிற ரசீதை நானே வாங்கிக் கொடுத்துடறேன் ஐயா. பிள்ளைங்களை மேடையில மட்டும் ஏத்தாதீங்க. ஏறினா மறுநாள்லேருந்து வகுப்புல அதுங்களுக்கு அதான் பேரு."

படிவம் அன்றே ரத்தாயிற்று. மூலதனத்தில் பாதி வைப்பில் இருக்கிறது; அது பொக்கிஷதாருடைய மன ஆரோக்கியத்துக்காக. மறு பாதியிலிருந்து, தலைமையாசிரியை ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரும் தொகையும் எழுதி அனுப்பினால் பணம் போகிறது, மார்க்கு கேட்கப்படுவதில்லை. அமெரிக்க நண்பர் இந்த முறையில் தணிக்கைக்கு இடமில்லை என்று நீண்ட ஆட்சேபம் எழுதினார். அது குறிப்புப் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அக்கிராசனருக்கும் மேடை மறுக்கப்படவில்லை. சுதந்திர தினத்தன்று அதன்மேல் நன்கொடையாளர்கள் மட்டும் ஏறி, ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொள்கிறோம். மாணாக்கர்கள் கீழே உட்கார்ந்து மிட்டாய் தின்கிறார்கள். நடந்துவந்த தூரம் இப்போது ஒன்பது மைலை எட்டியிருக்கிறது.

இதை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கும். விழாவை ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.