வாட்டு அச்சவியல்

அச்சம் நான்கிடத்துப் பிறக்கும் என்று வகுத்தது தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பயிற்சிக்கு நிற்கும் தாதிய, மருத்துவ மாணவரின் தொற்றச்சமும் இந்நான்கில் அடங்கும் என்பது எம் துணிபு.

அணங்காவது எச்.ஐ.வி. பெயரைக் கேட்டாலே கிளவுஸ் இரண்டாகும். அந்த இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவது ஆயிரத்துக்கு 3 பேருக்கு. 72 மணிநேரத்துக்குள் மருந்து தொடங்கினால் அதுவும் குறையும்.

கள்வராவது ஹெப்படைட்டிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 30 வரை தொற்றக்கூடியது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் குடியிருக்கும். ஆறாம் மாதத்து மூன்றாம் ஊசியை மறந்தவரும், குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுபவரும் இக்கள்வனுக்குத் திண்ணை கொடுத்தவராவர். நூறு மடங்கு ஆபத்துக்கு நூற்றிலொரு பங்கு பயம்.

விலங்காவது எலி. எலிக்காய்ச்சலுக்குப் பேர்போன மாவட்டம் இரத்தினபுரி. மாணிக்கக் குழி, வயல், களு கங்கை வெள்ளம் எங்கும் எலிமூத்திரம் கலந்த நீர் தோல்வெடிப்பு வழியே ஏறும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதோ மிக அரிது. ஆயினும் மாணவி எலிக்காய்ச்சல்காரர் கட்டிலை மூச்சடக்கிக் கடப்பாள். சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனால் வாசலிலேயே அம்மா மறிப்பார்: "ஆஸ்பத்திரி உடுப்போட உள்ளுக்கு வராத புள்ள." உடுப்பை மாற்றிவிட்டு, அட்டை கடித்துச் சொறிந்த காலோடு, செருப்பில்லாமல், லயத்துக் கானில் தேங்கிய தண்ணீரை இருவரும் சேர்ந்து இறைப்பார்கள். அச்சம் வெள்ளை உடுப்போடு கழன்று கொடியில் தொங்கும்.

2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணிக்காகக் கேகாலை ஹெட்டிமுல்லையில் முண்டியடித்த கூட்டம் எவ்வகை என்று கேட்பர் சிலர். அது மருட்கை, வேறு மெய்ப்பாடு.

தம் இறையாவது வாட் சிஸ்டர். அவர் தலை தெரிந்ததும் நாடியில் கிடந்த மாஸ்க் மூக்குக்கு ஏறும், குழாய் திறக்கும். கிருமியை வெல்வதில் முதல் மூன்றையும்விட இதுவே வலிது.

ஐந்தாவதும் ஒன்றுண்டு; தொல்காப்பியர் கணக்கில் வராதது. பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ வாட்டுக்கு வந்த மாணவர் கைகளே தாய்மாரைக் கொல்கின்றன என்று கண்டு, 1847இல் வியன்னாவில் அக்கைகளைக் குளோரின் நீரில் கழுவவைத்தார் செம்மல்வைஸ். இன்றும் நோயாளியைத் தொட்டபின் கழுவும் கை, தொடுமுன் அத்தனை கழுவுவதில்லை. தன்னிடமிருந்து நோயாளிக்கு என்ன போகும் என்ற அச்சம் மாணவருக்கு அரிது. நோயாளிக்கு அதனினும் அரிது.

"குத்துங்க மிஸ், பயமில்ல" என்று கையை நீட்டுகிறார் தோட்டத்து ஆச்சி.