சட்டையைத் திருப்பிப் பார்க்கும் அக்கா

பின்னலூசியைப் புதிதாகக் கையில் எடுத்த அக்காவின் முன்னால் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போகக் கூடாது. "கொஞ்சம் திரும்பு கண்ணு" என்பார். திரும்புவதற்குள் சட்டையின் கீழ்விளிம்பு அவர் கையில் இருக்கும். "வெளிப்பக்கம் பூரா வி, வி, வி. அது நிட். உள்பக்கம் மேடு மேடா இருக்கா? அது பர்ல்." எதிரில் நிற்பவன் கூச்சத்தில் நெளிவது அக்காவின் கண்ணில் படாது. கண்ணிகள் மட்டும்தான் படும்.

சொல்வதென்னவோ சரிதான். நிட்டின் முதுகுப்பக்கமே பர்ல். எல்லா வரியும் நிட் போட்டால் இருபக்கமும் வரப்பு தட்டும் கார்ட்டர். ஒரு வரி நிட், மறுவரி பர்ல் என்று போனால் முன்பக்கம் வழவழவென்று ஸ்டாக்கினெட். டீ-ஷர்ட் துணி இந்த இரண்டாவது ரகம். ஆனால் கோயம்புத்தூரில், திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தினமும் போய்வரும் தம்பியிடமே இதைப் பாடமாக நடத்த ஒரு தைரியம் வேண்டும்.

"அக்கா, அதை நாங்க சிங்கிள் ஜெர்சின்னு சொல்லுவோம்."

"நீங்க என்னவோ சொல்லிக்கங்க. அது ஸ்டாக்கினெட்."

கல்யாண வீட்டில் பட்டுச்சேலைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாவும் ஊடுமாக நெய்தது. அதில் கண்ணி ஏது? யார் வீட்டுக் குழந்தையோ போட்டிருக்கும் சாக்ஸைக் குனிந்து பிடித்து, "ரிப்! ஒரு நிட், ஒரு பர்ல்!" என்று பூரிப்பார். குழந்தை அழும்.

பழைய பனியனைக் கிழித்துக் கரித்துணியாக்கினால் ஓரம் ஏன் சுருண்டுகொள்கிறது என்று அக்கா வீட்டில் யாரும் யோசித்ததில்லை. ஸ்டாக்கினெட்டின் குணமே சுருள்வதுதான், ரிப் சுருளாது, இழுத்தால் விரிந்து மறுபடி ஒடுங்கும், கழுத்துப்பட்டைக்கு அதை வைப்பது சும்மா இல்லை என்று அக்கா விளக்கியபோது தம்பிகூட வாயைத் திறக்கவில்லை.

அடுத்தவர் உடம்பில் இவ்வளவு கண்டுபிடிப்பவருக்குத் தன் ஊசியில் தொங்குவது மட்டும் பிடிபடுவதில்லை. ஊசிக்கு நேர் கீழே, கழுத்தில் துண்டு சுற்றியதுபோல் குறுக்கே மேடு தெரிந்தால் பர்ல். வி தெரிந்தால் நிட். ரிப்புக்கு நிட் தெரிகிற இடத்தில் நிட், பர்ல் தெரிகிற இடத்தில் பர்ல் போட்டுக்கொண்டு போனால் போதும். அக்கா ஊசியைப் பார்ப்பதில்லை, சீரியலைப் பார்க்கிறார். ஒரு கண்ணி பிசகி, நிட் தலையில் பர்லும் பர்ல் தலையில் நிட்டும் ஏறினால் நேர்கோடுகள் கலைந்து சீட் ஸ்டிச் ஆகிவிடும். அவருடைய மஃப்ளர் ரிப்பாகப் பிறந்து, நடுவில் சீட் ஸ்டிச்சாகி, மறுபடி ரிப்பாகிறது. கேட்டால் டிசைனாம்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தம்பி மகனின் புத்தம்புது டீ-ஷர்ட்டில் ஊசி முனையை விட்டு, "இதோ, இந்தக் கண்ணி" என்று இழுத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நூல் அறுந்தது. ஒன்று அறுந்தால் அது பிடித்திருந்த கண்ணியும் கழலும், அதற்கடுத்ததும் கழலும். இறங்கிக்கொண்டே போன கோட்டை விரலால் தொடர்ந்து, "பார்த்தியா, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கு" என்றார். பையன் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டை அது. ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. புதுச் சட்டை வாங்கித் தரவும் இல்லை.

புதிதாகக் கற்பவர்கள் கண்ணி தெளிவாகத் தெரிய வெளிர் நிறத்தில், மயிர் சிலும்பாத, சற்றுத் தடித்த நூலாக எடுக்க வேண்டும் என்பார்கள். அக்கா போன வாரம் கடைக்குப் போய் ரோமம் சிலுசிலுவென்று நிற்கும் கருப்பு உல்லனாகப் பார்த்து ஆறு உருண்டை வாங்கி வந்திருக்கிறார். வெளிர் நிறமென்றால் சீக்கிரம் அழுக்காகிவிடுமாம்.