மிஷின் சரியில்லை

"தம்பி, கையை நீட்டு."

தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிர்த்த டீக்கடையில் காலை ஏழு மணிக்கு ஒருவர் இப்படிக் கேட்டால், அவர் ஜோசியராக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் அண்ணாச்சியாக இருக்க வேண்டும். ஜோசியர் என்றால் ஐம்பது ரூபாயோடு விட்டுவிடுவார்.

மஞ்சள் பையிலிருந்து பி.பி. மிஷின் வெளியே வரும். பட்டையை முதலில் என் கையில்தான் சுற்றுவார். மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு 'சாம்பிள் கை' வேண்டுமாம். உர்ரென்று காற்று ஏறி இறங்கும். எனக்கு 118. "மிஷின் சரியாத்தான் இருக்கு" என்பார். அடுத்து தன் கையில் கட்டிக்கொள்வார். 146. "மிஷின் சரியில்லை" என்பார். மறுபடியும் என் கை. இப்படி ஒரு டீ ஆறுவதற்குள் நாலு தடவை.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்திரண்டு. விமானம் ஓட்டப் போகிறார். பிழைப்புக்கு இல்லை, ஆசைக்கு. வாகைகுளம் விமான நிலையம் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கே இறங்குகிற விமானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த கழுத்து அது. முத்தையாபுரம் பக்கம் உப்பளம் பார்த்து, மகளைக் கட்டிக்கொடுத்து, கடனையும் அடைத்த பிறகு, 'பிரைவேட் பைலட் லைசென்ஸ்' எடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. பதினேழு வயது நிறைந்தால் போதும், நாற்பது மணி நேரம் பறந்து பழக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முதல் தகுதி தனக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது என்கிறார்.

ஆனால் விமானத்தில் தனியாக ஏறுவதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. விமானத் துறையை மேற்பார்க்கிற டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. கண், காது, ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., பி.பி. எல்லாம் பார்ப்பார்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்குத்தான் முதல் வகுப்பு. "ரெண்டாங் கிளாஸ்தானே, ரயில் மாதிரி ஏறிக்கிட வேண்டியதுதான்" என்று அண்ணாச்சி அசட்டையாகத்தான் இருந்தார். அந்த வாசற்படியில்தான் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என்னையும் உட்கார வைத்திருக்கிறார்.

இந்த ஜாதி ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வியாதிக்குப் பயப்பட மாட்டார்கள், டெஸ்டுக்குத்தான் பயப்படுவார்கள். வருஷம் முழுக்க மக்ரூனும் பரோட்டாவும் தின்றுவிட்டு, சுகர் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்னால் பாகற்காய்ச் சாறு குடிப்பார்கள். ரத்தம் கொடுத்த கையோடு, பஞ்சை எடுப்பதற்கு முன்பே அல்வா வாங்கப் போவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுக்கிற எச்பிஏ1சி டெஸ்டைக் கண்டுபிடித்தவன் இவர்கள் கையில் சிக்கினால் தொலைந்தான்.

அண்ணாச்சி இதில் ஒரு படி மேல். உப்பை நிறுத்திவிட்டார். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்புப் போடுகிற மாவட்டத்தில், உப்பு விற்றுச் சாப்பிடுகிற மனுஷன், உப்பில்லாமல் சாப்பிடுகிறார். வீட்டில் கருவாட்டுக்கும் தடை. "அவருக்கு மட்டும் உப்பில்லாம வச்சா கோவிச்சுக்கிடுதாரு தம்பி. எல்லாரும் சேந்து திங்கணுமாம்" என்று மதினி என்னிடம் அழாத குறை.

வீட்டில் 134 காட்டுகிற மிஷின், கிளினிக்கில் 160 காட்டுகிறது. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தவுடனே சிலருக்கு அழுத்தம் ஏறும். அது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட சங்கதிதான். அண்ணாச்சி அதற்கும் வைத்தியம் கண்டுபிடித்தார். உப்பளத்துக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்து, காலையில் தன் எதிரே வந்து நிற்கச் சொன்னார். 'கோட்டு பழகணும்லா!' ஒரு வாரத்தில் 138-க்கு இறங்கியது. எட்டாம் நாள் கணக்கப்பிள்ளை அதே கோட்டோடு வந்து சம்பள உயர்வு கேட்டார். 164.

பி.பி. பார்க்க முறை உண்டு. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு முன்னால் காப்பி, டீ கூடாது. முக்கியமாக, பேசக் கூடாது. அண்ணாச்சியோ கால்மேல் கால் போட்டு, இடது கையில் பட்டையும் வலது கையில் டீயுமாக, உப்பு விலை எப்படி விழுந்தது என்று ஆவேசமாகப் பேசிக்கொண்டே பார்ப்பார். அதற்குப் பிறகு மிஷின் சரியில்லை.

ஏதாவது சொன்னால் சரித்திரத்துக்குப் போய்விடுவார். "நம்ம நாட்டுல மொத லைசென்ஸ் வாங்கின ஜே.ஆர்.டி. டாட்டா, 1982-ல கராச்சியிலருந்து பம்பாய்க்குத் தனியா ஓட்டிட்டு வரலையா? எழுபத்தெட்டு வயசு!" அது உண்மைதான். ஆனால் அவர் கணக்கப்பிள்ளைக்குக் கோட்டு தைத்ததாக எங்கும் படித்ததில்லை. இன்னும் மடக்கினால் முத்துக்குளித்துறைக்கே போவார்: "நம்ம ஆளுக மூச்சடக்கி முத்துக் குளிச்சப்போ எவன்டே இ.சி.ஜி. எடுத்தான்?" எடுக்கவில்லை. ஆனால் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டி கரையில் நின்று சரி என்று சொல்லாமல் ஒருவரும் கடலில் குதிக்கவில்லையே! வெள்ளைக்காரன் அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்ததே! எந்தக் காலத்திலும் இறங்குவதற்கு முன்னால் ஒருவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள்.

போன வாரம்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? அண்ணாச்சி நாலு வருஷமாக பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "இதை எழுதாம விட்டுருவோமா தம்பி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, பைக்கில போகும்போது தலை சுத்துனா ஓரமா ஒரு புளியமரத்தடியில நிறுத்திக்கிடலாம். மேல எந்தப் புளியமரம் இருக்கு? மாத்திரை சாப்பிட்டு அழுத்தத்தைக் கட்டுக்குள்ள வச்சிருக்கவங்க எத்தனையோ பேரு ஒளிக்காம சொல்லிட்டு ஓட்டுதாங்க. டாக்டர் உங்களை ஃபெயிலாக்க உக்காந்திருக்க வாத்தியார் இல்லை. அன்னைக்கு ஒரு நாள் நல்லா இருக்க ஒடம்பா விமானத்தை ஓட்டப் போவுது? வருஷம் பூரா இருக்க ஒடம்புலா ஓட்டப் போவுது!"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டாம். எங்கள் தெருவில், ஐம்பது வயதுக்கு மேல் ஏதாவது ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

ராத்திரி போன் வந்தது. "எழுதிட்டேன்டே. மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராமுன்னு எல்லாத்தையும் எழுதிட்டேன். மதினிதான் அட்டையைப் பாத்து வாசிச்சா. இன்னைக்குக் குழம்புல உப்பும் போட்டா, கொஞ்சமா."

வியாழக்கிழமை டெஸ்ட். இன்று காலை டீக்கடைக்கு வந்து, எதிரே சும்மா ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்த்தார். 128. அப்புறம் பழக்கதோஷத்தில் என் கையில் சுற்றினார். 142.

"அண்ணாச்சி, மிஷின் சரியில்லை" என்றேன்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு" என்றார்.