ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க்

குற்றாலத்தில் சாரல் விழுந்து, எங்கள் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள் மஞ்சளாகி நிற்கும் ஆடி மாதத்தில், வருகிறவர்களெல்லாம் இன்று ஆயிரம் படங்களைப் போனில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். 2004இல் இரவல் கேமராவில் நான் எடுத்தவை இருநூற்றுச் சொச்சம். அவை ஒரு 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குள் அடைந்து, பரணில் கிடந்தன.

பரணுக்குப் போகும் முன், பாட்டுகள் காப்பி எடுக்க அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி தென்காசியில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவேன். அத்தான் கணினியைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். உங்களுக்கும் நினைவிருக்கும், அந்த அகலப் பட்டையான ஐ.டி.இ. கேபிள், ஓரத்தில் சிவப்புக் கோடு, 40 ஊசிகள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் உட்காரலாம். ஆனால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று ஜம்பரை மாற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் மல்லுக்கு நின்று ஒன்றுகூடத் திரைக்கு வராது. அரிசி அளவு ஜம்பர் கைதவறி விழுந்தால் அக்கா விளக்குமாறோடு வந்து தேடுவாள். பாட்டுகள் காப்பியாகி முடிவதற்குள் இரண்டு காப்பி குடித்து, ஊர்க்கதை முழுக்கப் பேசியிருப்போம்.

பிறகு சாட்டா வந்தது. மெல்லிய கேபிள், ஏழே ஊசி, டிஸ்க் ஒன்றுக்குக் கேபிள் ஒன்று, ஜம்பர் தேவையில்லை. ஐ.டி.இ.யின் உச்சம் நொடிக்கு 133 எம்பி என்றால் சாட்டா தொடங்கியதே 150இல், பின்னர் 600 வரை போனது. 2008இல் அத்தான் வாங்கிய மதர்போர்டில் சாட்டாவுக்கு நான்கு இடம், ஐ.டி.இ.க்கு ஒன்றே ஒன்று, கல்யாண வீட்டில் கிழவருக்குப் போட்ட நாற்காலி மாதிரி. அடுத்ததில் அதுவும் இல்லை.

இப்போது எம்.2, விரல் நீளத் தகடு. சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் பார்க்க உடன்பிறப்புகள். போன வருஷம் சாட்டா வகையை வாங்கி, என்.வி.எம்.இ. மட்டுமே ஏற்கும் இடத்தில் வைத்து, ஸ்குரூவும் முடுக்கிய பிறகு, அப்படி ஒன்று இருப்பதாகவே கணினி காட்டவில்லை. பழைய பிளக் சேராத இடத்தில் நுழையவே நுழையாது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

பரணிலிருந்து இறக்கிய டிஸ்க்குக்காக, ஐ.டி.இ.யை யு.எஸ்.பி.யாக்கும் அடாப்டர் வாங்கப் போனேன். "யு.எஸ்.பி. கரண்டு அஞ்சு வோல்ட்டுதான் தம்பி. இது பெரிய டிஸ்க்கு, 12 வோல்ட்டு தனியாக் குடுக்கணும்" என்று மின்சாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார் கடைக்கார அண்ணாச்சி.

செருகினேன். கிர்ரென்று சுற்றி, டக் டக்கென்று தட்டி, பழைய மூச்சு வந்தது. சூரியகாந்திக்கு நடுவே மீசை கறுப்பாக அத்தான் நிற்கிறார். உடனே கூப்பிட்டேன்.

"அத்தான், படம் கெடச்சிட்டு. இப்பவே அனுப்புதேன்."

"அனுப்பாத மாப்ளே. டிஸ்க்கத் தூக்கிட்டு பஸ் ஏறு."