தங்கச்சியை அகலமாக்காதேயும், மருமகனே

வாரும் மருமகனே, உக்காரும். பெங்களூர்ல பெரிய பெரிய கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பாக்குத ஆளு, லீவுக்குக் குருவிகுளம் வந்த எடத்துல உங்க அம்மை கல்யாண டிவிடியைப் பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்துட்டீராம். தெருவெல்லாம் அதே பேச்சு. நானும் 43 இஞ்ச் டிவியில போட்டுப் பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். மணவறையில உங்க அப்பா பக்கத்துல ஒரு பொம்பளை உக்காந்திருக்காளே, அவ யாரு?

எங்க தங்கச்சியா? 1998-ல அவளுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சே! மாலையை எடுத்துக் குடுத்த அண்ணன் நான், எனக்குத் தெரியாதா? நீரு அடிச்சுக் குடுத்த படத்துல மூணு சாண் அகலம் நாலு சாண் ஆயிருக்கு. பந்தி போடுததுக்கு முன்னாலயே சனம் பூராவும் உப்பிப்போயி உக்காந்திருக்கு. அவளும் பாத்துட்டு, "அண்ணே, நான் அப்பவே இப்படியா இருந்தேன்?"னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? "உம் மவன் இன்ஜினியரு, அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னுட்டேன்.

கோவப்படாதேயும். உமக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்டீர்னா, கம்பத்துல ஆன்டெனாவை ஏத்தி, இலங்கை ரூபவாஹினி இழுக்குதான்னு திருப்பித் திருப்பிப் பாத்தவன் நான். பெறவு ராத்திரிக்கு மூணு படம்னு டெக்கும் டிவியும் வாடகைக்கு விட்டவன். படிப்பு கெடையாது, படம் கோணலா ஓடினா ஊரு என்ன பேசும்னு தெரியும்.

நீரு என்ன செஞ்சீர்னு நான் சொல்லுதேன், சரியான்னு பாரும். டிஸ்குக்குள்ள படம் 720-க்கு 576-ன்னு இருந்துச்சு. நம்ம நாட்டுப் பால் (PAL) முறை டிவிடின்னா முக்காவாசி அதே அளவுதான். அந்த 720-ஐ 576-ஆல வகுத்துப் பாத்தீரா? 1.25 வரும். பழைய பெட்டி டிவி 4:3, அதாவது 1.33. இப்போ செவத்துல தொங்குதது 16:9, அதாவது 1.78. 1.25-ன்னு எந்தக் கடையிலயாச்சும் டிவி வித்திருக்கானா? டிஸ்குல உள்ள புள்ளி சதுரப் புள்ளி இல்ல மருமகனே. 4:3 படமும் அதே 720-க்குள்ளதான் படுத்துக் கெடக்கும், 16:9 படமும் அதே 720-க்குள்ளதான். எது எதுன்னு சொல்லக் கூடவே ஒரு குறிப்பு எழுதியிருப்பான். பிளேயர் அதைப் படிச்சுப் பாத்து, தக்கபடி விரிச்சுக் காட்டும். நீரு குறிப்பைப் பாக்கல. டிவி 16:9, அப்போ படமும் 16:9-தான்னு 1024-க்கு 576-ஆ விரிச்சு விட்டுட்டீரு. கல்யாணம் எடுத்தது வீஎச்எஸ் கேசட்டுல. அது 4:3. 768-க்கு 576-ஆ விரிச்சிருக்கணும். இல்லேன்னா 720-ஐ அப்படியே விட்டுட்டு, அந்தக் குறிப்பை மட்டும் புது பைல்ல சரியா எழுதியிருக்கணும். நீரு படம் மாத்துத ஹேண்ட்பிரேக்கு சாப்ட்வேர்ல அனமார்ஃபிக்னு ஒரு எடம் இருக்கு. அதை ஆட்டோவுல விட்டிருந்தா அதுவே பாத்துக்கிட்டிருக்கும். நீருதான் சும்மா இருக்க மாட்டீரே!

ரொம்பச் சுத்தக்காரங்க இன்னொண்ணு சொல்லுவாக: 720-ல 704-தான் படம், ரெண்டு ஓரமும் சும்மா, அதையும் கணக்குல சேக்கணும்பாக. சரிதான். ஆனா அது ரெண்டேகால் சதவீதச் சண்டை. உம்மது முப்பத்துமூணு சதவீதம்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பெறவு வந்த வித்தைன்னு நெனைக்கீரா? 1973-ல 'ராஜராஜ சோழன்' வந்துச்சு. ஏ.பி. நாகராஜன் எடுத்தது, சிவாஜி நடிச்சது, தமிழ்ல முதல் சினிமாஸ்கோப். அகலமான காட்சியைக் கேமராவுல உள்ள லென்சு பாதியா ஒடுக்கி ஃபிலிமுக்குள்ள அடைச்சிரும். கொட்டகையில புரொஜெக்டர் முன்னால இன்னொரு லென்சு, அது திரும்ப ரெண்டு மடங்கா விரிக்கும். ஆப்பரேட்டரு அந்த லென்சை மாட்ட மறந்துட்டாருன்னு வையும், மாமன்னர் பாதி உடம்போட வந்து நிப்பாரு. தரை டிக்கெட்டு விசிலடிச்சே லென்சை மாட்ட வச்சிரும். உம்ம பென்டிரைவுக்கு விசிலடிக்க ஆளு இல்ல. அதான் நான் வந்தேன்.

"4:3-ஆ அடிச்சா ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருமே மாமா, பெரிய டிவிக்குக் குடுத்த காசு வீணாப் போகுமே"ம்பீரு. போகட்டும்வே. பட்டை வேண்டாம்னு மேலயும் கீழயும் வெட்டினீர்னா 576 வரியில 144 போயிரும். காவாசிப் படம். கல்யாண வீடியோவுல மேல என்ன இருக்கும்? நிக்கிற பெரியாளுக தலை. கீழ என்ன இருக்கும்? அவுக காலு. தலையும் இல்லாத, காலும் இல்லாத ஒரு ஆளு முன்னால பொண்ணும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிடுதாக. இதையா பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப் போறீரு?

கத்திரி எடுக்க ஒரே ஒரு எடம் உண்டு. கொஞ்ச நாளு வீடியோ மிக்ஸிங்காரங்களுக்கு ஒரு கிறுக்கு இருந்துச்சு. கல்யாணம் சினிமா மாதிரி தெரியணும்னு 4:3-க்குள்ளயே மேலயும் கீழயும் கருப்பு அடிச்சுக் குடுத்தாக. அதை இப்போ உள்ள டிவியில போட்டா நாலு பக்கமும் கருப்பு, நடுவுல கொஞ்சூண்டு கல்யாணம். அந்தக் கருப்பை வெட்டிரும், பாவமில்ல. ஆனா ஆட்டோ கிராப்பை நம்பி விட்டுட்டுத் தூங்கப் போயிராதேயும். இருட்டுல எடுத்த பொண்ணழைப்பு ஊர்வலத்தோட ஓரத்தையும் அது பட்டைன்னு நெனச்சு நறுக்கினாலும் நறுக்கும்.

சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட? தாம்பாளத்தை வச்சுப் பாக்காதேயும். சீர்த்தாம்பாளம் கையில சாஞ்சு இருக்கும். ஒழுங்கான படத்துலயே அது நீள்வட்டமாத்தான் தெரியும். மிக்ஸிங்ல வட்டத்துக்குள்ள உங்க அப்பா மூஞ்சி சுத்திச் சுத்தி வருமே, அதையும் நம்பாதேயும். அந்த வட்டத்தைப் போட்டவன் அன்னைக்கு என்ன கணக்குல போட்டானோ! மண்டபத்துச் செவத்துக் கடியாரத்தைத் தேடும். முகூர்த்த நேரத்தைக் காட்ட, கேமராக்காரரு அதை ஒரு தடவையாச்சும் நேருக்கு நேரா எடுத்திருப்பாரு. அந்த எடத்துல படத்தை நிறுத்தி, டிவி மேல நூலைப் பிடிச்சு அளந்து பாரும். குறுக்கும் நெடுக்கும் ஒண்ணா இருந்தாச் சரி. அதுக்கு முந்தி ரிமோட்டைக் கையில எடும். பைலு ஒழுங்கா இருந்தாலும், டிவியில எந்தப் பிள்ளையோ எப்பவோ 'ஃபுல்'லுன்னு அமுக்கி வச்சது அப்படியே இருக்கும். பழியை நீரு சுமப்பீரு.

இனி தரம். "டிவிடியில நல்லாத்தான மாமா இருந்துச்சு, இப்போ ஏன் இப்படி மங்குது?"ன்னு கேக்கீரு. எதுல பாத்தீரு? 2006-லயிருந்து கலைஞர் ஆட்சியில வீட்டுக்கு வீடு இலவசமாக் குடுத்த 14 இஞ்ச் கலர் டிவியில. அதுல எதைப் போட்டாலும் அழகு. ஓரத்துல உள்ள அசிங்கத்தையும் அந்தப் பெட்டி தன் சட்டத்துக்குள்ள மறைச்சுக்கிடும். வீஎச்எஸ் படத்துக்கு அடியில பிசிறா ஒரு பட்டை ஓடுதில்லா, அது டெக்குல ஹெட்டு மாறுத எடம். கேசட்டு இருந்த காலம் பூராவும் அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, யாரு கண்ணுலயும் படல. இப்போ தெரியுதுன்னா அந்தப் பட்டையைக் கருப்பால மூடிட்டுப் போரும்.

டிஸ்கோட தரம், அதுல எத்தனை மணி நேரத்தை அடைச்சிருக்கான்கதுலதான் இருக்கு. ஒத்தை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி. ஒரு மணி நேரம்னா செகண்டுக்கு 8 மெகாபிட் தாராளமாக் குடுக்கலாம். உங்க அம்மை கல்யாணம் பொண்ணழைப்புலயிருந்து மொய் எழுதுதது வரைக்கும் மூணு மணி நேரம். சத்தத்தையும் சேத்துச் செகண்டுக்கு மூணரை மெகாபிட்தான் தேறும். ஒரே டிவிடியில அஞ்சு படம்னு பிளாட்பாரத்துல வித்தாகளே, ரெண்டரை மணி நேரப் படம் அஞ்சு போட்டா செகண்டுக்கு ஒரு மெகாபிட்டு கூட வராது. அதுக்கு முந்தி இருந்த வீசிடிக்கே படத்துக்கு மட்டும் 1.15 மெகாபிட்டு உண்டு. அந்தப் படமும் 352-க்கு 288-தான். ஒரு படி மாவுல ஊருக்கே தோசை ஊத்துன கதை.

ஏற்கெனவே மெலிஞ்ச படத்தை நீரு இன்னொரு தடவை நசுக்கி, "நாலு ஜிபியை 700 எம்பி ஆக்கிட்டேன் மாமா"ன்னு நெஞ்சை நிமித்துனீரு. மிச்சம் பிடிச்ச மூணு ஜிபியில என்ன வாங்கினீரு, தோட்டமா? மொதல்ல டிஸ்குல இருக்க ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்குக்கு மாத்தி வையும். இல்ல, மேக்எம்கேவியில போட்டு எடும். படத்துல ஒரு புள்ளி மாறாது. அதுதான் மூலம். பாக்கதுக்கு வேணும்னா அதுலயிருந்து எச்264-ல ஒண்ணு அடிச்சுக்கிடும். ஹேண்ட்பிரேக்கு செஞ்சவங்களே இந்த அளவுப் படத்துக்கு ஆர்எஃப்ங்கிற தர எண்ணு 18-லயிருந்து 22 வரைக்கும் போதும்னு எழுதி வச்சிருக்காக. கஞ்சத்தனம் பாக்காம 18 வையும். எண்ணு கூடக் கூடத் தரம் குறையும், பாத்துக்கிடும். சத்தத்துல கை வைக்காம இருக்கபடியே கடத்தி விடும்.

அடுத்து, கெட்டிமேளம். உம்ம படத்துல தவில்காரர் கையைப் பாத்தீரா? விரலைச் சுத்தி வரிவரியாப் பிசிறு. பழைய டிவிக்குன்னு எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். செகண்டுக்கு 50 அரைப்படம். ஒரு தடவை ஒத்தைப்படை வரி, அடுத்த தடவை ரெட்டைப்படை வரி. ரெண்டுக்கும் நடுவுல செகண்டுல அம்பதுல ஒரு பங்கு போயிருது. அதுக்குள்ள தவில்காரர் கை சும்மாவா இருக்கும்? நீரு ரெண்டு அரையையும் ஒட்டி ஒரு முழுப்படம்னுட்டீரு. டீஇன்டர்லேஸ் பண்ணணும்வே. யாடிஃப் இருக்கு, பிடபிள்யூடிஃப் இருக்கு; எதுவானாலும் 'பாப்'புன்னு உள்ளதைப் போட்டு, செகண்டுக்கு 50 முழுப்படமா எடும். 25-ஆக் குறைச்சீர்னா அட்சதை விழுதது தத்தித் தத்தித் தெரியும்.

இதுல நீரு இன்னொரு வேலை பாத்திருக்கீரு. ரெண்டாவது தடவை அடிக்கையில, மொதல்ல உயரத்தை 720 வரியா ஏத்திட்டு, பெறவு டீஇன்டர்லேஸுக்கு டிக் அடிச்சீராம். அரைப்படம் ரெண்டும் கலந்து கெடக்கையில உயரத்தை மாத்தினா வரிக்கு வரி குழம்பிரும். அப்புறம் எந்த மெஷினாலயும் பிரிக்க முடியாது. பிரிக்கிறது மொதல்ல, அளவை மாத்துதது பெறவு. பிரிச்ச பெறவும் கை முன்னும் பின்னும் துடிச்சுதுன்னா, எந்த வரி முதல்ங்கிறதை மாத்தி வையும். பின்னால வந்த மினி டிவி டேப்புல கீழ்வரிதான் முதல். அதைத் தெரியாம மேல்வரின்னு வச்சு எத்தனையோ கல்யாணத்துல தவில்காரருக்குக் கை உதறல் வந்திருக்கு.

உம்ம ஏஐ சமாச்சாரத்துக்கு வாரேன். 4கே ஆக்கிட்டேன்னு செல்லுல காட்டினீரே! எங்க ஆச்சி காதுல பாம்படம் ஆடிக்கிட்டு இருந்துச்சு கேசட்டுல. மங்கலாத்தான் ஆடுச்சு, ஆனா பாம்படம்னு தெரிஞ்சுது. உம்ம ஏஐக்குப் பாம்படம் எங்க தெரியும்? ஒரு நேரம் கழுத்தோட ஒட்ட வச்சிருக்கு, ஆச்சி திரும்புனா அதைக் காணோம், மறுபடி திரும்புனா கம்மல் மாட்டி விட்டிருக்கு. எங்க அய்யாவுக்கு முன்பல்லு ரெண்டும் முளைச்சிருச்சி. அது விழுந்தது கல்யாணத்துக்கு ரொம்ப முந்தி. வீஎச்எஸ்ல அகலவாக்குல சுமார் 240 கோடுதான் தேறும் மருமகனே. அதுக்கு மேல உள்ளதை மெஷின் தானா வரையுது. ஆச்சியை நேர்ல பாத்த ஆளுக நாங்க இத்தனை பேரு இருக்கையில, அவளைப் பாக்காத மெஷின் சொல்லுததையா கேக்க? புள்ளி இரைச்சலைக் கொஞ்சம் அடக்கிக்கிடும், அவ்வளவு போதும்.

மொத்தத்தையும் அடிக்க முந்தி ஒரு நிமிஷம் மட்டும் வெட்டிப் பாரும். கடியாரமும் கெட்டிமேளமும் வருத எடமாப் பாத்து எடும். டிவியில போட்டுச் சரின்னா மிச்சத்தை ஓட விடும். டிஸ்கையும் சும்மா வைக்காதேயும். வீட்டுல எழுதின டிவிடி சாயத்துல நிக்குத சாமான். நம்ம கரிசக்காட்டு வெயில்ல சன்னலோரம் கெடந்தா ஒரு நாளு ஓரத்துலயிருந்து படிக்க மாட்டேன்னு சொல்லிரும். மூலக் காப்பி ரெண்டு எடுத்து, உங்க வீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு இருக்கட்டும்.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருவீருல்லா, வரும்போது நல்லா ஓடுத டெக்கு ஒண்ணு எங்கயாச்சும் கெடைச்சா வாங்கிட்டு வாரும். அந்த டிவிடி, ஒரு கடையில கேசட்டுலயிருந்து அவசர அவசரமா மாத்தினது. மூலக் கேசட்டு தொலைஞ்சு போச்சுன்னு உங்க அம்மை நெனச்சுக்கிட்டிருக்கா. எங்க வீட்டுப் பரண்ல, பூஞ்சை பிடிக்காம, நட்டமா நிறுத்தி வச்சிருக்கேன்.