பிரிய வந்தவர்கள் முன்வரிசையில்! (கேள்வி-பதில்)

தேனி வாசகர்: நாட்டைப் பிரிக்கவேண்டும் என்று சொல்கிற கட்சி, அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் உட்கார முடியுமா?

கனடாவில் முப்பது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறதே! பெயர், ப்ளாக் கியூபெக்வா. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் தனி நாடாகவேண்டும் என்பது கொள்கை. 1993 தேர்தலில் பிரதான எதிர்க்கட்சியாகவே வந்துவிட்டது.

ஈரோடு வாசகர்: ஒரே மாகாணத்தில் நிற்கிற கட்சி எப்படி எதிர்க்கட்சி ஆனது?

ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி 2 இடத்துக்குச் சுருண்டது. ரிஃபார்ம் கட்சிக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, 52 இடம். ப்ளாக் வாங்கியது 13.5 சதவீதம்தான், ஆனால் 54 இடம்! தொகுதிவாரித் தேர்தலில் எத்தனை ஓட்டு என்பதைவிட எங்கே விழுந்த ஓட்டு என்பதுதான் கணக்கு.

கும்பகோணம் வாசகி: இந்தக் கோபம் எங்கே தொடங்கியது?

ஓர் ஏரிக்கரையில். கியூபெக்கை 'தனித்தன்மை கொண்ட சமூகம்' என்று அரசியல் சட்டத்தில் எழுத 1987-இல் மீச் ஏரி ஒப்பந்தம் போட்டார்கள். எல்லா மாகாணங்களும் மூன்று வருடத்துக்குள் சம்மதிக்கவேண்டும். 1990 ஜூனில் கெடு முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அதற்குச் சற்று முன்பே, பிரதமர் மல்ரோனியின் நெருங்கிய நண்பரும் அமைச்சருமான லூசியன் பூஷார் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். அவர் கூட்டிய அணிதான் ப்ளாக். சில வார்த்தைகளை எழுதிக்கொடுக்கத் தயங்கியதற்குக் கனடா கொடுத்த விலை, ஒரு கட்சி!

திருநெல்வேலி வாசகர்: எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசு பங்களா உண்டே, பூஷார் போய்க் குடியேறினாரா?

மறுத்துவிட்டார். தலைநகர் ஒட்டாவாவில் ஸ்டோர்னவே என்ற மாளிகை காத்திருந்தது. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கியூபெக் மண்ணில் இருக்கும் ஹல் நகரில் தங்கினார். பங்களாவை வேண்டாம் என்ற அரசியல்வாதியை ஒரு நிமிடம் எழுந்து நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவகாசி வாசகர்: மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுக்கிறார்களாமே?

எடுத்தே ஆகவேண்டும். 1867 அரசியல் சட்டம் அப்படி. 2022-இல் ப்ளாக் தலைவர் இவ் ஃபிரான்சுவா பிளான்ஷே, முடியாட்சியோடு உறவை அறுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 266. மன்னர் பிழைத்தார்.

மதுரை வாசகர்: பிரிவதுதான் லட்சியம் என்றால் ஒட்டாவாவில் என்ன வேலை?

பேரம்! கூட்டுக் குடும்பத்தில் பாகம் கேட்கிற தம்பி, பாகம் பிரியும்வரை அடுக்களைக் கணக்கைக் கேட்காமல் இருப்பானா? கியூபெக்குக்கு நல்லதென்றால் ஆதரவு, கெட்டதென்றால் எதிர்ப்பு. இதுதான் சூத்திரம்.

ஹார்ப்பரின் சிறுபான்மை கன்சர்வேட்டிவ் அரசு 2006, 2007 பட்ஜெட்டுகளை நிறைவேற்றியது ப்ளாக் ஓட்டில்தான். 2006 நவம்பரில் 'கியூபெக் மக்கள் ஒரு தேசிய இனம்' என்று ப்ளாக் தீர்மானம் கொண்டுவர, ஹார்ப்பர் முந்திக்கொண்டு 'ஒன்றுபட்ட கனடாவுக்குள்' என்ற வார்த்தைகளைச் சேர்த்துத் தானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 266க்கு 16 என்று நிறைவேறியது. மீச் ஏரியில் மூழ்கியதில் பாதியைப் பிரிவினைக் கட்சி மிரட்டியே கரையேற்றியது.

2024-இல் பிரதமர் ட்ரூடோவின் அரசுக்கு ப்ளாக் வைத்தது அக்டோபர் 29 என்று கெடு: 65 முதல் 74 வயதுக்காரர்களுக்கு முதியோர் ஓய்வூதியத்தில் 10 சதவீத உயர்வு கொடு, பால், கோழி, முட்டை உற்பத்தியாளர்களை வர்த்தகப் பேச்சில் பலிகொடுக்காதே என்று. ஓய்வூதிய உயர்வு கிடைக்கவில்லை. பால் பண்ணைக்காரர்களுக்கு 2025-இல் சட்டம் வந்துவிட்டது. அது கியூபெக்குக்கு வெளியே இருக்கிற மாட்டுக்கும் சேர்த்துத்தான்!

கோவை வாசகி: இவர்கள் எந்தக் காலத்திலாவது ஆட்சிக்கு வருவார்களா?

மக்களவையில் 343 இடம். கியூபெக்குக்கு 78. அத்தனையும் வென்றாலும் பாதியில் பாதியைக்கூட எட்டாது. ஆட்சி ஆசை இல்லாத கட்சியை மந்திரி பதவி காட்டி மடக்க முடியாது. பலமே அதுதான்.

விருதுநகர் வாசகர்: ஒருமுறை கூட்டணி ஆட்சியின் விளிம்புக்கு வந்ததாகப் படித்தேனே?

2008 டிசம்பர். லிபரல், என்.டி.பி. கட்சிகள் கூட்டணி ஆட்சி அமைக்க, ப்ளாக் 18 மாதம் வெளியிலிருந்து ஆதரவு தருவதாகக் கையெழுத்துப் போட்டது. 'பிரிவினைவாதிகளோடு கூட்டா?' என்று முழங்கினார் ஹார்ப்பர். அவரது பட்ஜெட்டைக் காப்பாற்றியபோது அதே ஓட்டு தேசபக்தி ஓட்டு! நம்பிக்கையில்லா ஓட்டெடுப்பைத் தவிர்க்க நாடாளுமன்றத்தையே முடக்கிவைத்துத் தப்பித்தார்.

யாழ்ப்பாணம் வாசகர்: இலங்கை நாடாளுமன்றத்திலும் இப்படி ஓர் எதிர்க்கட்சி இருந்ததே?

இருந்தது, ப்ளாக் பிறப்பதற்கு முன்பே. தனி ஈழம் கேட்டு 1977-இல் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது: தனி நாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். கூட்டணியினர் மறுத்துப் பதவி இழந்தார்கள். கனடா, பிரிவினை கேட்டவரைப் பேசவிட்டது. கொழும்பு, பேசுகிற இடத்தையே பூட்டியது. பிறகு என்ன நடந்தது என்பதை யாழ்ப்பாணத்துக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

காஞ்சிபுரம் வாசகர்: இந்தியாவில்?

அண்ணா 1962 மே முதல் நாள் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசினார். அவை கேட்டது, குறுக்கிட்டது, ஆனாலும் பேசி முடித்தார். 1963-இல் பதினாறாவது திருத்தம் வந்தது. இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதி சொல்லாமல் இன்று வேட்புமனுவே செல்லாது.

தஞ்சை வாசகர்: அயர்லாந்தின் சின் ஃபேன் கட்சி?

2024-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 7 பேர் ஜெயித்தார்கள். ஒருவரும் போய் உட்காரவில்லை. போகமாட்டோம் என்று சொல்லியே ஓட்டு வாங்குகிறார்கள். ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் போகாதவர்களைத்தான் நமக்குத் தெரியும்.

மாண்ட்ரியால் வாசகர்: கியூபெக்கின் 1995 பிரிவினை வாக்கெடுப்பை மறக்க முடியுமா?

எப்படி முடியும்? பிரிய வேண்டாம் 50.58 சதவீதம், பிரியலாம் 49.42. வித்தியாசம் 54,288 ஓட்டு. செல்லாத ஓட்டோ 86,000-க்கு மேல்! அன்றிரவு கியூபெக் முதல்வர் பரிசோ, தோல்விக்குப் பணமும் இனக்குழு ஓட்டுகளும் காரணம் என்றார். 1977-இன் மொழிச் சட்டப்படி உங்களைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னதும் அவருடைய கட்சிதான். என் மொழியைப் படி என்று சொன்ன வாய், நீ வேறு ஆள் என்று சொல்லலாமா? மறுநாளே ராஜினாமாவை அறிவித்தார். சரியான முடிவு.

நாகர்கோவில் வாசகி: அதற்குப் பிறகு ப்ளாக் தேய்ந்துவிட்டதா?

தேய்ந்தது, வளர்ந்தது, மறுபடி தேய்ந்தது. 2008-இல் 49 இடம். 2011-இல் வெறும் 4. தலைவர் டுசெப்பே தோற்றார். 2019, 2021 இரண்டிலும் 32. ட்ரம்ப் கனடாவை 51-வது மாநிலம் ஆக்குவேன் என்று மிரட்டிய 2025 தேர்தலில் 22. தெர்போன் தொகுதியில் மறு எண்ணிக்கையில் ஒரே ஒரு ஓட்டில் தோற்று நீதிமன்றம் போனார்கள். 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்' என்கிற உங்கள் அண்டை வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சேலம் வாசகர்: கடைசியில் கியூபெக் பிரியுமா, பிரியாதா?

1980, 1995 என்று இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது முறை கேட்பதாகச் சொல்வது மாகாணக் கட்சியான பார்ட்டி கியூபெக்வா. வாக்கெடுப்பு நடத்துவது கியூபெக் சட்டசபையின் வேலை, ப்ளாக் நினைத்தாலும் ஒட்டாவாவிலிருந்து நடத்த முடியாது. ஆனால் 2000-இல் வந்த தெளிவுச் சட்டப்படி, கேள்வி தெளிவானதா, கிடைத்த பெரும்பான்மை போதுமா என்று முடிவு செய்வது கனடா மக்களவை. அந்த நாள் வந்தால் ப்ளாக் உறுப்பினர்களுக்கும் அங்கே ஆளுக்கு ஓர் ஓட்டு உண்டு.