கோரையின் பிரதாபம்

கொரியன் புல்லைப் பத்தை பத்தையாக விலைகொடுத்து வாங்கி, வீட்டு முற்றத்தில் பதித்து, அதற்கு அன்றாடம் ஜலமும் உபசாரமும் அளித்துவரும் கிருகஸ்தர்கள், அழைப்பின்றிக் குடியேறிய கோரையை மட்டும் பரம சத்துருவாகப் பாவித்து, மாலைதோறும் அதன் தலையைக் கிள்ளி விஜயகோஷம் செய்வது காணத்தக்க வைபவமேயாகும். கோரையோ, பூமிக்கடியில் மெல்லிய தண்டுகளில் கிழங்குகளைக் கோத்து வைத்துக்கொண்டு, கிள்ளப்பட்ட முளைக்குப் பிரதியாக மறுமுளையைச் சாவதானமாக அனுப்புகிறது; மண்வெட்டியால் கொத்தினாலோ, தண்டு அறுந்து, கிழங்குகள் தனித்தனியே குடித்தனம் தொடங்கிவிடுகின்றன. (களைக்கொல்லி வியாபாரிகளின் வாக்குறுதிகளைப் பற்றி மௌனம் சாதிப்பதே மரியாதை.) இதற்கிடையில், நலங்குமாவுக்கு வாசனை போதவில்லையென்று, அதே கிருகத்திலிருந்து நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் போகிறது, கோரைக்கிழங்கு வாங்கிவர; கூலியாள் தோண்டிக் குவித்ததைக் காயவைத்து இடிக்கலாமேயென்றால், தோட்டத்துக் கிழங்குக்கு அவ்வளவு குணம் இராது என்கிறார்கள்.